வாளாவிருக்கும் பரமானம்

இரண்டு மாறிகளின் சார்பு ஒன்றை வரையறுத்து, அவற்றுள் ஒன்றை மாத்திரம் வலப்பக்கத்தில் எழுதிய மாணாக்கனைக் கணித ஆசிரியர் குற்றங் கூறார். எக்ஸ், வை என்னும் இரண்டன் சார்பு எக்ஸின் வர்க்கத்துக்குச் சமன் எனின், வையின் திசையிலே பெறுமானம் மாறாத ஒரு பரப்புக் கிடைக்கும்; அதற்குமேல் அங்கே வினா எழுவதில்லை. ஆனால் இதே வரையறையைச் சி மொழியில் எழுதி, எச்சரிக்கைகளை மிகுதியாகத் தருமாறு பணித்துத் தொகுப்பானிடம் கொடுத்தால், வை என்னும் பரமானம் பயன்படுத்தப்படவில்லை என்று அது முறையிடும். செய்நிரல் இயங்கும், விடையும் சரியாகவே வரும், ஆயினும் முறையீடு நிற்பதில்லை. கணிதத்திற் குற்றமாகாத ஒன்று செய்நிரலில் ஏன் ஐயத்துக்கு இடமாகின்றது என்பதும், அவ்வையத்தை எவ்வாறு தீர்த்தல் தக்கது என்பதும் ஆராயத்தக்கன.

தொகுப்பான் என்பது மனிதர் எழுதும் செய்நிரலைப் பொறிமொழிக்கு மாற்றித் தரும் மென்பொருள். மாற்றுங்கால் அது இருவகைச் செய்திகளைக் கூறும். மொழியின் விதிக்கு மாறானது வழு. வழு உளதாயின் பொறிமொழி கிடைப்பதில்லை. விதிக்கு மாறாகாவிடினும், எழுதியவரின் கருத்துக்கு மாறாய் இருக்கக்கூடுமென ஐயுறத்தக்கது எச்சரிக்கை. தமிழிலக்கணங் கற்றோர்க்கு இத்தகைய பாகுபாடு புதிதன்று. வழு, வழாநிலை என்னும் இரண்டோடு அமையாது, வழுவாயினும் ஒரு காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படும் வழுவமைதி என மூன்றாவதொன்றையும் இலக்கண நூலார் வகுத்தனர். ஆவினை உவப்பினால் தாயென அழைத்தல் திணை வழுவமைதியாம். உவப்பு என்னும் காரணம் காட்டப்படாவிடின் அது வழுவே. பயன்படாத பரமானத்தைக் கையாளுதலும் பெரும்பாலும் இவ்வாறு காரணங் காட்டும் தொழிலேயாகும்.

சி மொழி 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே டெனிஸ் றிச்சி என்பவரால் ஆக்கப்பட்டது. அக்காலத்துத் தொகுப்பான்கள் சிறியனவாயும் விரைந்து தொழில் செய்வனவாயும் இருத்தல் வேண்டியிருந்தது. ஐயங்களை எழுப்பிக்கொண்டிருக்க அவற்றுக்கு இடமும் இல்லை, நேரமும் இல்லை. ஒரு சார்பு எத்தனை பரமானங்களைப் பெறுமென்பதும், அழைப்பவர் எத்தனை தருகின்றார் என்பதும் தம்முள் ஒத்திருக்கின்றனவா என்றுகூட அவை பார்த்தில. அக்குறையை நிரப்புதற்கு அதே ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஸ்டீபன் ஜோன்சன் லின்ற் என்னும் தனியொரு செய்நிரலை ஆக்கினார். ஆடையில் ஒட்டிக்கொள்ளும் பஞ்சுத் தும்புக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் அது. துணி கிழிந்திலது, சாயம் போயிற்றில்லை. ஆயினும் தட்டிவிடவேண்டிய ஏதோவொன்று அதன்மீது உளது என்பது பொருள். மிகப் பொருத்தமான பெயர் என்றே கூறல் வேண்டும்.

பயன்படாத பரமானத்தை முதன்முதலாகப் பரவலாக எடுத்துக் காட்டியது லின்ற் செய்நிரலே. அதனை எடுத்துக்காட்டிய அன்றே அம்முறையீடு பலமுறை வேண்டாததாய் முடியும் என்பதையும் ஜோன்சன் உணர்ந்திருந்தார் என்பதற்கு இரண்டு சான்றுகள் உள. ஒன்று, இம்முறையீட்டை மாத்திரம் முற்றாக நிறுத்துதற்கு ஒரு தெரிவு தரப்பட்டமை. மற்றொன்று, சார்பின் தலைப்பில் ஆர்க்ஸ்-யூஸ்ட் என்னும் சொல்லை ஒரு குறிப்புரையாக எழுதிவிட்டால் அச்சார்பைப் பொறுத்தமட்டில் லின்ற் வாய்திறவாதிருந்தமை. குறிப்புரை என்பது தொகுப்பானுக்கன்றி மனிதருக்கென எழுதப்படுவது. மனிதருக்குக் கூறும் அதே சொல்லாற் பொறியையும் அமைதிப்படுத்தும் வழக்கம் இவ்வாறு தோன்றியது. பழைய யுனிக்ஸ் செய்நிரல்களைப் புரட்டுவோர் இக்குறிப்புரையை இன்றும் காணலாம்.

பிற்காலத்திலே லின்ற் செய்த வேலையைத் தொகுப்பான்களே ஏற்றுக்கொண்டன. 1987இல் முதலில் வெளிவந்த ஜிசிசி என்னும் தொகுப்பானில் டபிள்யூ-ஆல் என்னும் தெரிவு உளது. ஆல் என்பது அனைத்தும் எனப் பொருள்படினும், பயன்படாத பரமானம்பற்றிய எச்சரிக்கை அதனுள் அடங்குவதில்லை. டபிள்யூ-எக்ஸ்ட்ரா என்பதையும் உடன்சேர்த்துக் கேட்டாலன்றி அது வாராது. பயன்படாத உள்ளக மாறியைப்பற்றிய எச்சரிக்கையோ டபிள்யூ-ஆலிலேயே வந்துவிடும். மைக்ரோசொப்ற் நிறுவனத்தின் தொகுப்பானிலும் பரமானம்பற்றிய எச்சரிக்கைக்கு 4100 என இலக்கமிட்டு, நான்காம் படியில் வைத்துள்ளனர். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரு தொகுப்பான்கள் இதனைப் பின்வரிசையில் நிறுத்தியமைக்குக் காரணம் ஒன்றே. சார்பின் அகத்தே தோன்றும் மாறி எழுதியவரின் சொந்த உடைமை. அது வாளாவிருப்பின் அவர் மறந்தாரெனக் கொள்ளலாம். பரமானமோ அழைப்போருக்கும் அழைக்கப்படுவதற்கும் இடையிலுள்ள உடன்படிக்கையின் ஓர் உறுப்பு. அவ்வுடன்படிக்கையைப் பலவேளைகளில் வேறொருவர் வகுத்திருப்பார்.

அங்ஙனமாயின் இவ்வெச்சரிக்கையை முற்றாக ஒதுக்கிவிடலாமே எனின், அது பொருந்தாது. ஒரு பெட்டியின் அளவைக் குறித்துவைக்கும் சார்பு ஒன்று அகலம், உயரம் என்னும் இரண்டு பரமானங்களைப் பெறுகின்றதென்க. அதனை எழுதுபவர் முதல் வரியிலே பெட்டியின் அகலத்துக்கு அகலத்தை இடுகின்றார். அவ்வரியைப் பிரதிசெய்து இரண்டாம் வரியாக்கி, இடப்பக்கத்தை மாத்திரம் உயரமெனத் திருத்துகின்றார். வலப்பக்கம் அகலமாகவே நின்றுவிடுகின்றது. இச்செய்நிரல் மொழியின் விதிப்படி குற்றமற்றது. சதுரமான பெட்டிகளைக் கொண்டு சோதித்தால் விடையும் பிழைக்காது. பெட்டி நீள்சதுரமாகும் நாளிலேதான் குற்றம் வெளிப்படும். அந்நாள் பல மாதங்கள் கழித்து வரலாம். ஆனால் உயரம் என்னும் பரமானம் பயன்படவில்லை என்று தொகுப்பான் முதல் நாளே கூறியிருக்கும். அழைத்தவர் ஒரு பொருளைக் கொடுத்தார். வாங்கியவர் அதனை நோக்காமலே கைவிட்டார். இதனைக் கண்டுபிடிக்க இவ்வெச்சரிக்கையைவிட மலிவான கருவி வேறில்லை.

இனி, வாளாவிருத்தல் குற்றமாகாத இடங்களை நோக்குவோர் முதலிற் காணவேண்டியது சமிக்ஞையைக் கையாளும் சார்பு. பயனர் கட்டுப்பாட்டுச் சாவியோடு சி என்னும் எழுத்தை அழுத்தினால், ஓடிக்கொண்டிருக்கும் செய்நிரலுக்குத் தடைச் சமிக்ஞை ஒன்று செல்லும். அவ்வேளையில் அழைக்கப்படவேண்டிய சார்பு ஒரு முழுவெண்ணைப் பரமானமாகப் பெறல் வேண்டுமென்பது மொழியின் தரத்திலேயே விதிக்கப்பட்டது. வந்த சமிக்ஞை எதுவென்பதை அவ்வெண் தெரிவிக்கும். பல சமிக்ஞைகளுக்கு ஒரே சார்பை வைத்திருப்பவருக்கு அவ்வெண் இன்றியமையாதது. தடைச் சமிக்ஞைக்கு மாத்திரமே ஒரு சார்பை வைத்திருப்பவருக்கு அது முன்னரே தெரிந்த செய்தி. அவர் செய்யவேண்டுவதெல்லாம் ஓர் அடையாள மாறியை ஒன்றாக்கிவிட்டுத் திரும்புதலே. பரமானத்தை அவர் நீக்கவும் முடியாது, பயன்படுத்தவும் தேவையில்லை.

இதனினும் சுவையானது விண்டோஸ் செய்நிரல்களின் நுழைவாயிலாகிய வின்மெயின் என்னும் சார்பு. அது நான்கு பரமானங்களைப் பெறும். அவற்றுள் இரண்டாவது, இதே செய்நிரல் முன்னரே ஒருமுறை ஓடிக்கொண்டிருப்பின் அந்த முந்திய ஓட்டத்தைச் சுட்டும் கைப்பிடி. பதினாறு பிற் விண்டோஸில் இஃது உண்மையாகவே பயன்பட்டது. 1993இல் விண்டோஸ் என்றி வெளிவந்து, ஒவ்வோர் ஓட்டத்துக்கும் தனித்தனி நினைவக வெளி ஏற்பட்டபின்னர் அக்கைப்பிடிக்குப் பொருளில்லாது போயிற்று. அன்றுதொட்டு அவ்விடத்தில் எப்பொழுதும் சூனியமே வருகின்றது. எனினும் பரமானம் நீக்கப்படவில்லை. பழைய செய்நிரல்கள் அனைத்தும் நான்கு பரமானங்களோடு எழுதப்பட்டிருந்தமையே காரணம். ஆதலால் இன்று எழுதப்படும் புதிய விண்டோஸ் செய்நிரலிலும் முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே இறந்துபோன ஒரு பரமானம் அமர்ந்திருக்கின்றது. அந்நிறுவனத்தின் கருவி ஆக்கித் தரும் மாதிரிச் செய்நிரலின் முதல் வரிகளே, இப்பரமானம் குறிப்பிடப்படாது விடப்பட்டது என்று ஒரு குறுநிரலாற் கூறுகின்றன. அடிப்படை வகுப்பொன்று வகுத்த சார்பைப் பல வழிவகுப்புகள் தத்தமக்கேற்ப நிறைவேற்றும்போதும், நூல்கள் எனப்படும் இழைகளைத் தொடக்கும் சார்புகளிலும் இதே நிலை ஏற்படும். அவற்றை விரித்தல் வேண்டா.

வேண்டாத பரமானத்தை எழுதாமலே விட்டு, சார்பின் சுட்டியை வலிந்து வகைமாற்றிக் கொடுத்துவிடலாகாதோ எனச் சிலர் வினவுவர். செய்யலாம், தொகுப்பான் அமைதியாகும். இன்றைய அறுபத்துநான்கு பிற் இன்ரெல் வகைப் பொறிகளில் லினக்ஸின்கீழ் முதல் ஆறு முழுவெண் பரமானங்களும் பதிவகங்களிலேயே செல்கின்றன. பெறுபவர் அப்பதிவகத்தை நோக்காதிருந்தால் கேடொன்றுமில்லை, செய்நிரல் ஓடிவிடும். ஆயின் சி மொழியின் தரம் இத்தகைய அழைப்பை வரையறையற்ற நடத்தை எனத் தள்ளியுள்ளது. அது வெறும் ஏட்டு விதியன்று. உலாவிகளில் இயங்கும் வெப்அசெம்பிளி என்னும் பொறிமொழி, சுட்டிவழி அழைக்கப்படும் சார்பின் பரமான வகைகள் ஒத்திருக்கின்றனவா என ஓடும்போதே சோதிக்கும். ஒவ்வாவிடின் அங்கேயே செய்நிரலை நிறுத்திவிடும். ஒரு பொறியில் பல்லாண்டு ஓடிய செய்நிரல் இன்னொன்றில் முதல் அழைப்பிலேயே விழுவதற்கு இவ்வொரு குறுக்குவழி போதுமானது.

ஆகவே பரமானம் நிற்றல் வேண்டும். அது வேண்டுமென்றே விடப்பட்டதென்பது தெரிதலும் வேண்டும். சி பிளஸ் பிளஸ் மொழி இதற்கு மிக இயல்பான வழியொன்றை வைத்துள்ளது. வகையை எழுதிப் பெயரை எழுதாது விடுதலே அது. பெயரில்லாத பொருளைச் சார்பினகத்தே எவராலும் பயன்படுத்த இயலாது. ஆகையால் எச்சரிக்கைக்கு இடமில்லை. இவ்வழியின் சிறப்பு யாதெனின், பொய் கூற முடியாமை. பெயரற்ற பரமானத்தைக் காண்பவர் கீழே ஒரு வரியையும் வாசியாமலே அது பயன்படவில்லை என்று துணியலாம். குறை ஒன்று உண்டு: அவ்விடத்தில் நிற்பது யாதென வாசிப்பவருக்குத் தெரியாது. முழுவெண்கள் மூன்று அடுத்தடுத்து வந்து இரண்டு பெயரற்றனவாயின் வாசிப்பவர் திகைப்பர். அதனாற் பலர் பெயரைக் குறிப்புரைக்குள் அடைத்து வைப்பர், நல்ல வழக்கமே.

சி மொழியிலோ சார்பின் வரையறையிற் பெயரை விடுதல் நெடுங்காலம் வழுவாகவே இருந்தது. 2024இல் வெளியான சி-23 என்னும் தரமே அதனை முதன்முறையாக அனுமதித்தது. அதுவரை வழங்கியதும், பழைய தொகுப்பான்களோடு பணிபுரிவோர் இன்றும் கைக்கொள்வதும், பரமானத்தின் பெயருக்கு முன் வொயிட் என்னும் சொல்லைப் பிறையடைப்புள் இட்டுத் தனிக்கூற்றாக எழுதுதல். இப்பெறுமானத்தை எடுத்து எறிந்துவிடுக என்பது அதன் பொருள். பொறிமொழியில் இவ்வரிக்கு ஈடாக யாதும் தோன்றுவதில்லை. விண்டோஸ், கியூரீ முதலிய நூலகங்கள் தருகின்ற குறுநிரல்கள் பலவும் அகத்தே இதுபோன்ற ஒரு வரியே. எந்தத் தொகுப்பானும் ஏற்றுக்கொள்ளும் என்பது இதன் நன்மை. இதன் தீமை காலப்போக்கிலே தோன்றும். பின்னொருநாள் வேறொருவர் அதே சார்பில் அப்பரமானத்தைப் பயன்படுத்தத் தொடங்குவார். எறிந்துவிடுக என்னும் வரியோ மேலே அப்படியே நிற்கும். தொகுப்பான் இம்முரணைக் கண்டு முறையிடாது. எறியப்பட்டதாகச் சொல்லப்பட்ட பொருள் ஐந்தாறு வரிகளுக்குக் கீழே உழைத்துக்கொண்டிருப்பதைப் பெரிய செய்நிரல்களிற் காணுதல் அரிதன்று.

மூன்றாவது வழி, பரமானத்தின் அறிவிப்பிலேயே அடைமொழி ஒன்றைச் சேர்த்தல். ஜிசிசி முதலியன தமக்குரிய வடிவத்தில் இதனை நெடுநாளாக வைத்திருந்தன. மேபி-அன்யூஸ்ட் என்னும் பொது வடிவம் சி பிளஸ் பிளஸ் மொழிக்கு 2017இலும், சி மொழிக்கு சி-23 தரத்திலும் வந்தது. ஒருவேளை பயன்படாதிருக்கலாம் என்பதே இவ்வடைமொழியின் பொருள்; பயன்படவில்லை என்பதன்று. இந்நுண்ணிய வேறுபாட்டைக் கருதாது எல்லா இடத்தும் இதனைத் தெளித்துவிடுவோர் பலர். இதற்கு உரிய இடம் வேறு. சோதனைக்காலத்தில் ஒரு பரமானம் பூச்சியமன்று என்று உறுதிசெய்யும் அசேற் என்னும் கூற்று, வெளியீட்டுப் பதிப்பிலே முற்றாக மறைந்துவிடும். அப்பரமானம் அக்கூற்றில் மாத்திரம் வந்திருந்தால், சோதனைப் பதிப்பிலே பயன்பட்டதாயும் வெளியீட்டுப் பதிப்பிலே பயன்படாததாயும் இருக்கும். அத்தகைய இரட்டை நிலைக்கு ஒருவேளை என்னும் அடைமொழியே பொருந்தும். பெயரை நீக்கல் இயலாது, எறிந்துவிடுதல் உண்மையாகாது.

இவையனைத்துக்கும் முன்னே செய்யவேண்டியது ஒன்றுண்டு. அதுவே பெரும்பாலும் செய்யப்படாது விடப்படுவது. பரமானம் உடன்படிக்கையால் வந்ததன்று, எழுதியவர் தாமே இட்டது எனின், அதனை நீக்கிவிடல் வேண்டும். அழைக்கும் இடங்கள் நாற்பதாயினும் நாற்பதையும் திருத்துதல் வேண்டும். நாளைக்கு உதவக்கூடும் என வைத்திருக்கப்படும் பரமானம் அழைப்போர் அனைவருக்கும் வீண்வேலை கொடுப்பதோடு, தாம் தருவது மதிக்கப்படுகின்றதென்னும் பொய்நம்பிக்கையையும் கொடுக்கின்றது. பரமானத்தைத் தனக்கே ஈடாக்கும் வரியை எழுதித் தொகுப்பானை ஏய்த்தல் சிலரின் பழைய வழக்கம். கிளாங் என்னும் தொகுப்பான் அதற்கும் தனியோர் எச்சரிக்கை வைத்திருக்கின்றது. எச்சரிக்கை யாவற்றையும் வழுவாகக் கருதுக எனத் தொகுப்பானைப் பணித்துவிட்டு, அவசரத்திலே நாற்புறமும் வொயிட் என்று எழுதுவோரைவிட, இவ்வோர் எச்சரிக்கையை மாத்திரம் ஆலோசித்து அணைத்துவிடுவோர் மேலானவர். லினக்ஸ் கருவின் தொகுப்பு விதிகளிலே ஏனைய கடும் எச்சரிக்கைகளை எழுப்பும் இடத்திலும் இதனை விலக்கி வைத்தமை அத்தகைய ஆலோசனையின் விளைவே.

புதிய மொழிகள் இவ்வினாவுக்கு வெவ்வேறு விடை கண்டன. 2009இல் அறிவிக்கப்பட்ட கோ மொழியில் பயன்படாத உள்ளக மாறி எச்சரிக்கையன்று, வழுவேயாம். பயன்படாத பரமானமோ எவ்வகை முறையீட்டுக்கும் உரியதன்று. றஸ்ற் மொழி இரண்டையும் எச்சரிக்கும். பெயரின் முதலில் ஓர் அடிக்கோடு இட்டால் அமையும்.

எச்சரிக்கையை அடக்குதல் எத்துணைப் பெரிய கேட்டுக்கு இடமாகலாம் என்பதற்கு டெபியன் என்னும் இயங்குதளத்தில் 2006 முதல் 2008 வரை நிகழ்ந்தது சான்று. இணையத்தின் இரகசியச் சாவிகளை ஆக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தில், எழுமாற்று எண்களுக்கு வித்திடும் சார்பு ஒன்றுண்டு. அழைப்பவர் ஊகிக்கவியலாத தரவைத் திரட்டி ஒரு நினைவகப் பகுதியில் வைத்து, அதன் சுட்டியை முதற் பரமானமாகக் கொடுப்பார். சார்பு அத்தரவைத் தன்னிடமுள்ள திரளோடு கலக்கும். அதே நூலகத்தின் இன்னொரு சார்பு, விடையை நிரப்பித் தருமாறு அழைப்பவர் கொடுத்த வெறும் பகுதியையும், இலாபமாய் இருக்கட்டும் என்று, திரளோடு கலந்துகொண்டது. இவ்விரண்டாவது செயலால், தொடக்கப் பெறுமானமில்லாத நினைவகம் பயன்படுத்தப்படுகின்றது என்று வல்கிரைண்ட் என்னும் சோதனைக் கருவி எச்சரித்தது. எச்சரிக்கையை நிறுத்தும் நோக்குடன் கலக்கும் வரி நீக்கப்பட்டது. ஒரே வடிவுடைய அவ்வரி இரண்டு சார்புகளிலும் இருந்தமையால் இரண்டிலும் நீக்கப்பட்டது. இரண்டாவதில் அதனால் தீங்கில்லை. முதலாவதில் அவ்வரியே சார்பின் உயிர்.

அன்றுமுதல் அழைப்பவர் கொடுத்த வித்துத் திரளைச் சேரவேயில்லை. எஞ்சியிருந்த வேறுபாடு, ஓடும் செய்நிரலுக்கு முறைமை இடுகின்ற இலக்கம் ஒன்றே. அதற்குப் பெறுமானங்கள் 32,768 அளவே உள. எண்ணிலடங்காதிருக்க வேண்டிய சாவிகள், ஒவ்வொரு பொறிவகைக்கும் சாவியின் அளவுக்கும் அத்தனைக்குள் அடங்கிவிட்டன. எவரும் அவற்றையெல்லாம் முன்கூட்டியே ஆக்கிவைத்து ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்கலாம். 2006 செப்டெம்பரிற் புகுந்த இக்குற்றம் 2008 மே 13இலேதான் வெளியிடப்பட்டது. டெபியனை அடிப்படையாகக் கொண்ட உபுண்டு முதலியனவும் இதற்குட்பட்டிருந்தன. வேறிடத்தில் நன்முறையில் ஆக்கப்பட்ட டிஎஸ்ஏ வகைச் சாவியும், இப்பொறிகளில் ஒருமுறை கையொப்பத்துக்குப் பயன்பட்டிருப்பின், கெட்டதாகவே கொள்ளப்பட்டது.

ஈண்டு நோக்கத்தக்கது, வித்தைக் கொண்டுவந்த அப்பரமானத்தைப்பற்றித் தொகுப்பான் யாதும் கூறியிருக்க இயலாது என்பதே. தரவைக் கலக்கும் வரி நீங்கினாலும், சுட்டியை அடுத்த துண்டுக்கு நகர்த்தும் வரி அதன்கீழ் அப்படியே இருந்தது. பரமானத்தின் பெயர் அவ்வரியில் இடப்பக்கத்திலும் வலப்பக்கத்திலும் வந்தது. பெயர் வந்ததா என்பதையே தொகுப்பான் நோக்கும்; அது சுட்டும் பொருள் எவ்விடத்தேனும் சென்று சேர்ந்ததா என்பதை நோக்காது. சுட்டி சுற்றுக்குச் சுற்று முன்னேறிச் சென்றது. அது சுட்டிய தரவை எவரும் எடுத்திலர். பெறுமானம் இடப்பட்டும் வாசிக்கப்படாத பரமானத்தை எச்சரிக்கும் தெரிவு ஜிசிசியின் 2011ஆம் ஆண்டுப் பதிப்பிற் சேர்க்கப்பட்டது. ஆயின் தன்னைத் தானே வாசித்துக் கூட்டிக்கொள்ளும் இத்தகைய வரி அதன் கணக்கில் வாசிப்பாகவே எண்ணப்பட்டது. டெபியனில் நீக்கப்பட்ட வரி, முதலாவது சார்பில் 2008இல் மீண்டும் இடப்பட்டது.